உங்கள் டிக்கட் திகதி யாருக்கெல்லாம் தெரியும்?

கேள்வி:

எனக்கு வயது 59. 1998 இல் லண்டனுக்குப் போனேன். அங்கே தாதியாக வேலை செய்து இப்போது ஓய்வு. பிரித்தானியக் குடியுரிமை எடுத்துவிட்டேன், இரட்டைப் பிரஜாவுரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. மட்டக்களப்பு எழுவான்கரையில், கடற்கரை வீதியிலிருந்து உள்ளே இரண்டாவது குறுக்கு வீதியில், அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த உறுதிக் காணி இருக்கிறது. பழைய வீட்டை இடித்துவிட்டுச் சின்னதாக ஒன்று கட்டி, வருடத்தில் பாதியை ஊரில் கழிப்பது எங்கள் ஆசை. கட்டிட அனுமதிக்கு விண்ணப்பம் கொடுத்து நாலு மாதமாகிறது, ஒரு பதிலும் இல்லை.

தங்கையின் கணவருக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் இருக்கிறார். "உள்ளுக்கு ஆள் இருக்கு அக்கா, ஒன்றரை லட்சம் தந்தால் இந்தக் கிழமையே எடுக்கலாம்" என்கிறார். அடுத்த வளவுக்காரர் பதினையாயிரம்தான் கொடுத்தாராம். ஏன் எனக்கு மட்டும் இவ்வளவு என்று கேட்டால், "நீங்க இப்ப வெளிநாட்டுக்காரர், ஃபைலில சிக்கல் இருக்கு" என்கிறார். தங்கையோ "குடுத்துத் தொலையுங்க அக்கா, வீட்டுக்குள்ள பிரச்சினை வேண்டாம்" என்று அழுகிறாள். போன மாதம் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டு போன என் கணவரைப் பொலிஸார் மறித்து, சீட்டு எதுவும் தராமல் 5,000 ரூபா வாங்கிவிட்டார்கள். லண்டனிலிருந்து கொண்டுவந்த சொக்லேட், பெர்ஃபியூம் கொடுத்தால் அதுவும் லஞ்சமா? அடுத்த மாதம் 20 ஆம் திகதி நாங்கள் திரும்ப வேண்டும். என்ன செய்வது?

பதில்:

அக்கா, ஊர்ப் பெயரையும் கந்தோரின் பெயரையும் எடுத்துவிட்டுத்தான் உங்கள் கடிதத்தைப் போட்டிருக்கிறேன். நேரே சொல்லிவிடுகிறேன், அந்த ஒன்றரை லட்சத்தைக் கொடுக்காதீர்கள். கொடுப்பது குற்றம் என்பது ஒரு காரணம், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், அந்தக் காசுக்கு உங்களுக்கு என்ன கிடைக்கப் போகிறது என்று கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

அடுத்த வளவுக்காரருக்குப் பதினையாயிரம், உங்களுக்கு ஒன்றரை லட்சம். ஒரே வீதி, அனுமதி கொடுக்கும் உள்ளூராட்சிச் சபையும் ஒன்று, வீடும் ஏறக்குறைய ஒரே அளவாகத்தான் இருக்கும். பிறகு எங்கே இந்தப் பத்து மடங்கு? நீங்கள் பவுண்சில் கணக்குப் பார்ப்பீர்கள், ஆகவே உங்களுக்கு இது பெரிய காசு இல்லை என்ற நினைப்பு ஒன்று. அதைவிடப் பெரியது உங்கள் டிக்கட். 20 ஆம் திகதி நீங்கள் போகிறீர்கள் என்பது உங்கள் வீட்டுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், அநேகமாகச் சந்திக் கடைக்காரருக்கும் தெரியும். அடுத்த வளவுக்காரர் "சரி தம்பி, மறுகா பார்ப்பம்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போகலாம். உங்களால் அப்படிச் சொல்ல முடியாது. அந்த அவசரத்துக்குப் போட்ட விலைதான் ஒன்றரை லட்சம். ஃபைலில் எந்தச் சிக்கலும் இல்லாமலேயே இந்த விலை வந்திருக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வந்து காணி, வீடு, சான்றிதழ் என்று அலைகிறவர்கள் சட்டத்தரணியான என்னிடம் வரும்போது பெரும்பாலும் திரும்பிப் போக ஒரு கிழமைதான் இருக்கும். முதல் கிழமைகள் கோயில் திருவிழா, கலியாணம், சாமத்தியச் சடங்கு, போக முடியாமல் போன செத்த வீடுகளுக்கெல்லாம் துக்கம் விசாரிப்பு என்று போய்விடும். கடைசிக் கிழமையில்தான் கந்தோர் ஞாபகம் வரும். தரகருக்கு அது நன்றாகத் தெரியும். அவர் முதல் கிழமையில் உங்களிடம் விலை சொல்வதே இல்லை, கவனித்திருப்பீர்கள். "பார்ப்பம், அவசரப்படாதீங்க" என்றுதான் சொல்லியிருப்பார்.

அடுத்தது, அந்தக் காசு யாரிடம் போகிறது? நேரம் கிடைத்தால் ஏதாவது ஒரு அரச கந்தோரின் விறாந்தையில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்து பாருங்கள். கக்கத்தில் பிளாஸ்டிக் கோப்பு, கையில் இரண்டு ஃபோன், சட்டைப் பையில் மூன்று நிறப் பேனாக்களோடு ஒருவர் வருவார். வாசலில் நிற்கும் காவலாளியின் தோளில் தட்டுவார். உள்ளே எட்டிப் பார்த்து யாரையோ "மச்சான்" என்று சத்தமாகக் கூப்பிடுவார். வெளியே வாங்கிலில் அவருடைய ஆள் ஒருவர், லண்டனோ கனடாவோ சுவிஸோ, பாஸ்போட்டோடு உட்கார்ந்திருப்பார். இவர் உள்ளே போவார். பத்து நிமிடத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "கதைச்சிட்டன், கொஞ்சம் இறுக்கமா இருக்கினம்" என்பார். உள்ளே கதைத்தது என்ன என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. ஃபைலைப் பற்றியும் இருக்கலாம், நேற்றைய கிரிக்கெட்டைப் பற்றியும் இருக்கலாம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கட்டிட அனுமதி போன்ற விடயங்களில் கடதாசி சரியாக இருந்தால் ஒரு கட்டத்தில் அனுமதி தானாகவே வரும். தரகர் காசை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலே போதும். அனுமதி வந்தால் "நான் எடுத்துத் தந்தது" என்பார். வராவிட்டால் பாதியைத் திருப்பித் தந்து, "மனசாட்சிப்படி நடக்கிற ஆள்" என்று பேரும் வாங்குவார். ஃபைலைப் பார்க்கிற உத்தியோகத்தருக்கு, தன் பேரில் ஒன்றரை லட்சம் கைமாறியது கடைசிவரை தெரியாமலே போவதும் உண்டு. நீங்கள் ஊருக்கெல்லாம் "அந்த மனுசன் லஞ்சம் வாங்கினவன்" என்று சொல்லிக்கொண்டு லண்டன் போய்ச் சேர்வீர்கள்.

அதற்காக உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் சுத்தத் தங்கம் என்று சொல்ல வரவில்லை. ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நெஷனல் வெளியிட்ட 2024 ஆம் ஆண்டின் ஊழல் மதிப்பாய்வுச் சுட்டெண்ணில் இலங்கைக்கு நூற்றுக்கு 32 புள்ளி, 180 நாடுகளில் 121 ஆம் இடம். நீங்கள் இருக்கும் பிரித்தானியாவுக்கு 71. கேட்கிற கை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உங்கள் விடயத்தில் இதுவரை எந்த உத்தியோகத்தரும் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டவர் உங்கள் சொந்தக்காரர். அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, "வெளிநாட்டுக்காரர், ஃபைலில சிக்கல்" என்ற கதைக்கு வருவோம். இது அரைகுறை உண்மையை வைத்துக் காட்டும் பூச்சாண்டி. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணி பராதீனப்படுத்தல் (மட்டுப்பாடுகள்) சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டவருக்குக் காணியைக் கைமாற்றுவதைத்தான் அது கட்டுப்படுத்துகிறது. நீங்கள் இலங்கைப் பிரஜையாக இருந்த காலத்தில் அம்மா எழுதித் தந்த காணியை அது உங்களிடமிருந்து பறிக்காது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்களுக்கு அதில் விலக்கு உண்டு, நெருங்கிய உரித்தாளிகளுக்கு முதுசமாக வரும் காணிக்கும் உண்டு. நாளைக்கு நீங்கள் இன்னொரு துண்டுக் காணி வாங்கப் போனால் அப்போது இந்தச் சட்டம் உங்களை மறிக்கும். இருக்கிற காணியில் வீடு கட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

உங்கள் அம்மா தந்தது உறுதிக் காணி என்று எழுதியிருப்பதால்தான் இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி என்றால் கதை வேறு, அதில் பிரஜாவுரிமையும் குடியிருப்பும் நிபந்தனைக்குள் வரும். நம் மாவட்டத்தில் பெர்மிட் காணியை உறுதிக் காணி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். ஆகவே பழைய உறுதியை எடுத்து, அதன் பதிவைக் காணிப் பதிவகத்தில் ஒரு நொத்தாரிசு மூலம் பார்த்துவிடுங்கள். அதற்கென்று உத்தியோகபூர்வக் கட்டணம் உண்டு, பற்றுச்சீட்டும் தருவார்கள்.

அப்படியானால் நாலு மாதமாக ஏன் பதில் இல்லை? எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. "கடற்கரை வீதியிலிருந்து உள்ளே இரண்டாவது குறுக்கு வீதி" என்று எழுதியிருக்கிறீர்கள். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர் நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். நம் எழுவான்கரையோ ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று நடுவில் கிடக்கும் ஒடுங்கிய நிலம். வாவி ஓரத்துக்கும் தனி விதிகள் உண்டு. அந்த அனுமதி இல்லாத விண்ணப்பத்தைச் சபையில் யாரும் மேசையிலிருந்து நகர்த்த மாட்டார்கள். அது சோம்பலும் இல்லை, லஞ்சத்துக்குக் காத்திருப்பதும் இல்லை. நகர்த்தினால் நாளைக்குக் கணக்காய்வில் மாட்டுவது அவர்கள். அடுத்த வளவுக்காரர் பழைய வீட்டைத் திருத்தியதாக விண்ணப்பித்திருக்கலாம், நீங்கள் இடித்துப் புதிதாகக் கட்டுகிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

வேறு காரணங்களும் இருக்கும். நீங்கள் போனதிலிருந்து சபைக்குச் சேர வேண்டிய சோலைவரி கட்டாமல் நிலுவை கிடக்கலாம். நில அளவைப் படம் மிகப் பழையதாக இருக்கலாம். வீதிக் கோடு எங்கே விழுகிறது என்பது தெளிவில்லாமல் இருக்கலாம். வீட்டுப் பிளானில் கையெழுத்து வைத்த பட வரைஞருக்கு அதற்குரிய தகைமை இல்லாமல் இருக்கலாம்.

கனடாவிலிருந்து வந்த ஒருவரின் ஃபைலை அண்மையில் பார்த்தேன். "லஞ்சம் குடுக்காததால அமத்தி வச்சிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஃபைலைத் திறந்தால், இரண்டு ஆவணங்கள் குறைகின்றன, கொண்டு வாருங்கள் என்று அவருக்கு எழுதிய கடிதத்தின் பிரதி உள்ளே இருக்கிறது. அனுப்பிய விலாசம், அவர் கட்டப்போகும் அதே காணி. கூரையில்லாத வீடு, கேற்றில் பூட்டு. தபால்காரர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்ததும், திரும்பிய கடித உறையை ஃபைலில் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார்கள். அவருடைய தரகர் அந்த உறையைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் விலை சொல்லியிருக்கிறார். உங்கள் விண்ணப்பத்தில் என்ன விலாசம் போட்டிருக்கிறீர்கள் என்று ஒரு முறை பாருங்கள். ஆள் இருக்கிற வீட்டு விலாசமும், ஊரில் யாராவது எடுத்துப் பேசும் ஃபோன் இலக்கமும் இருக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலையாக, தரகர் இல்லாமல் நீங்களே கந்தோருக்குப் போங்கள். பொதுமக்கள் சந்திப்பு நாள் எது என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. விண்ணப்பம் கொடுத்தபோது கட்டிய பணத்தின் பற்றுச்சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் ஃபைல் இலக்கம் என்ன, எந்தக் கடதாசி குறைகிறது, திட்டமிடல் குழு அடுத்து எப்போது கூடுகிறது என்று கேளுங்கள். அங்கேயே, அவர் கண்ணுக்கு முன்னால், ஒரு கொப்பியில் திகதியோடு எழுதிக்கொள்ளுங்கள். சண்டை வேண்டாம், "லண்டனில் இப்படி இல்லை" என்ற பேச்சும் வேண்டாம். அந்த வசனத்தைக் கேட்டதும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் முகம் மூடிக்கொள்வதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

வாயால் கேட்டுப் பதில் கிடைக்காவிட்டால், எழுதிக் கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் தகவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் உங்களைக் கேட்க முடியாது. 14 வேலை நாட்களுக்குள் தருகிறேன் அல்லது தரமாட்டேன் என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே நிறுவனத்தில் அதற்கென நியமித்த மேலதிகாரிக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதற்கும் அப்பால் கொழும்பில் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு.

இங்கே உங்களுக்கு ஒரு இடறல் இருக்கிறது. இந்த உரிமை இலங்கைப் பிரஜைகளுக்கு மட்டும். இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்கும்வரை நீங்கள் கையெழுத்து வைத்தால் விண்ணப்பத்தைத் திருப்பிவிடலாம். தங்கை கையெழுத்து வைக்கட்டும். இன்னொருவரின் சொந்த விபரம் என்று சொல்லி மறுக்க இடம் கொடுக்காமல், "என் காணி தொடர்பான தகவலை என் தங்கைக்கு வழங்கச் சம்மதிக்கிறேன்" என்று நீங்கள் எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தையும், உறுதியின் பிரதியையும் இணைத்துவிடுங்கள்.

கேள்விகள் சின்னதாக, விடை தப்ப முடியாததாக இருக்க வேண்டும். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் "ஆவன செய்யப்படுகிறது" என்று வரும். இப்படிக் கேளுங்கள்: இன்ன திகதியில் கிடைத்த இன்ன இலக்க விண்ணப்பத்தின் தற்போதைய நிலை என்ன, அதில் குறையும் ஆவணங்கள் எவை, குறைபாட்டை அறிவித்து அனுப்பிய கடிதங்களின் பிரதிகள், இந்த விண்ணப்பம் எந்தத் திகதியில் திட்டமிடல் குழுவுக்குப் போனது, குழு என்ன தீர்மானித்தது, இந்த வகை வீட்டுக்கு அறவிட வேண்டிய கட்டணங்களின் அட்டவணை. கையில் கொடுத்தால் ஏற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி கேட்டு வாங்குங்கள். தர மனமில்லை என்று தெரிந்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

இதனால் நாளைக்கே அனுமதி வந்துவிடாது. ஆனால் திகதி போட்ட ஒரு கடதாசி ஃபைலுக்குள் போய்விட்டால், அதன் பிறகு வாயால் மட்டும் சொல்லி விலை பேசுவது கஷ்டம். கட்டண அட்டவணை கைக்கு வந்ததும் ஒன்றரை லட்சத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மிச்சம் நான் சொல்லத் தேவையில்லை.

இனிச் சட்டம். 1954 முதல் இருந்த இலஞ்சச் சட்டத்தின் இடத்துக்கு 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதே வருடம் செப்டெம்பர் 15 ஆம் திகதி வந்திருக்கிறது. பழையதிலும் புதியதிலும் ஒரு விடயம் மாறவில்லை. வாங்குபவரும் குற்றவாளி, கொடுப்பவரும் குற்றவாளி. சொந்தக்காரர் கையால் கொடுத்தேன் என்பது தப்பும் வழியல்ல. "எனக்குச் சேர வேண்டியதைத்தானே கேட்டேன்" என்பதும் அப்படியே, முறையான வேலையைச் செய்யக் கொடுத்தாலும் குற்றம்தான்.

உங்களுக்கு இன்னொரு நாட்டுச் சட்டமும் இருக்கிறது. பிரித்தானியாவின் 2010 ஆம் ஆண்டு இலஞ்சச் சட்டம் 2011 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. பிரித்தானியக் குடிமக்கள் வெளிநாட்டில் லஞ்சம் கொடுத்தாலும் அங்கே வழக்குத் தொடர அது இடம் தருகிறது. வேலையைக் கெதியாக முடிக்கக் கொடுக்கும் சில்லறைக் காசு என்று அதில் விலக்கு எதுவும் இல்லை. கனடாவில் அப்படி ஒரு விலக்கு இருந்தது, 2017 ஒக்டோபர் 31 ஆம் திகதியோடு அதையும் எடுத்துவிட்டார்கள். டொரொண்டோவில் இருக்கும் சொந்தங்கள் "எங்களுக்கு அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள். மட்டக்களப்பு வீட்டு அனுமதிக்காக லண்டனில் யாராவது உங்கள் கதவைத் தட்டுவார்களா என்றால், தட்ட மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் குற்றம் குற்றம்தான். கொடுத்ததைத் தெரிந்த ஒருவர் உங்கள் ஊரில் இருக்கிறார் என்பதும் சேர்ந்தே இருக்கும். அடுத்த முறை நீர் இணைப்புக்கோ, வீடு முடிந்து எடுக்க வேண்டிய அமைவுச் சான்றிதழுக்கோ அவர் மறுபடி வருவார். அப்போது நீங்கள் மறுத்துப் பேசுவது இன்னும் கஷ்டம்.

ஒரு உத்தியோகத்தர் நேரடியாகவே காசு கேட்டால், கொடுப்பதற்கு முன் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். "முன்" என்பதுதான் முக்கியம். கேட்கும் கட்டத்தில் சொன்னால்தான் அவர்களால் சுற்றிவளைப்பு ஒன்றை ஒழுங்கு செய்ய முடியும். கொடுத்து முடித்து, வேலையும் நடந்து, பிறகு மனம் கேட்காமல் சொல்கிறவர் நீங்கள் என்றால், உங்கள் பேரும் குற்றம் செய்தவர் பக்கத்தில்தான் வரும். யார், எந்தத் திகதி, என்ன வார்த்தை, எவ்வளவு என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். தெரிந்துகொண்டே பொய் முறைப்பாடு செய்வதும் தண்டனைக்குரியது, ஆகவே தரகர் சொன்னதை வைத்து உத்தியோகத்தர் மேல் முறைப்பாடு எழுதாதீர்கள். நீங்கள் காதால் கேட்டதை மட்டும் எழுதுங்கள்.

சொக்லேட், பெர்ஃபியூம் பற்றி. லஞ்சம் காசாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வேலை முடிந்த பிறகு கொடுத்தால் பரவாயில்லையா என்றும் பலர் கேட்பார்கள். முன்னுக்குக் கொடுத்தால் தூண்டுதல், பின்னுக்குக் கொடுத்தால் வெகுமதி, இரண்டும் அடங்கும். இடம் பார்க்க வளவுக்கு வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு ஒரு தேத்தண்ணியோ இளநீரோ கொடுத்ததற்காக நான் பயப்பட மாட்டேன், நம் வாசலுக்கு வந்தவரைத் தொண்டை காயவா அனுப்புவது? ஆனால் அவர் போகும்போது மோட்டார் சைக்கிள் பையில் பெர்ஃபியூம் பெட்டி ஏறினால் அது வேறு. அந்தப் பெட்டிகளைத் தங்கையின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

அத்தானின் விடயம். பிரித்தானிய லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டியிருந்தால், பிழை முதலில் நம் பக்கம்தான் இருந்திருக்கிறது. சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து, அதைக் கொழும்பில் இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் அங்கீகரிப்பிக்க வேண்டும், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். அது கையில் இருந்தால் தைரியமாகப் பேசலாம். "பிழை என்றால் தண்டச் சீட்டை எழுதுங்க" என்று மரியாதையாகச் சொல்லச் சொல்லுங்கள். அந்தச் சீட்டுக்குரிய பணத்தை 14 நாட்களுக்குள் தபால் கந்தோரில் கட்டிவிடலாம். "கோட்டுக்குப் போக வேணும், உங்கட ஃப்ளைட் போயிடும்" என்று பயம் காட்டுவது வழக்கம். சாதாரண வீதிக் குற்றங்கள் பலவற்றுக்குக் கோட்டுக்கே போகத் தேவையில்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அனுமதி வருவதற்கு முன் நாள் பார்த்து அத்திவாரக் கல் வைத்துவிடாதீர்கள். நிறையப் பேர் செய்வது அதுதான். சாத்திரியார் அடுத்த கிழமை நல்ல நாள் என்பார், மேசன் பாஸ் ஆட்களோடு தயாராக நிற்பார், வெளிநாட்டுச் சொந்தம் எல்லாம் ஊரில் நிற்கும், பூசையும் வைத்து இரண்டு வரி கல்லும் கட்டிவிடுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் அனுமதியில்லாமல் கட்டியவர். அதுவரை உங்களிடம் கேட்க எந்தக் காரணமும் இல்லாதவருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. கல் வைக்காமல் பூசையை மட்டும் செய்தால் சபை ஒன்றும் சொல்லாது.

கடைசியாக, இதில் எனக்கு உண்மையிலேயே கடினமாகத் தெரிவது தங்கையின் அழுகைதான். கந்தோரை எப்படியும் சமாளிக்கலாம். உங்கள் மறுப்பு அவள் புகுந்த வீட்டுக்குள் எப்படிப் போய் விழும் என்று அவள் பயப்படுகிறாள். நீங்கள் லண்டனுக்குப் போய்விடுவீர்கள், நாளைக்கு அந்தப் பொடியனின் தாயோடு கோயிலில் முகம் கொடுக்க வேண்டியது அவள். ஆகவே பழியை என் மேல் போட்டுவிடுங்கள். "லோயர் சொல்லி எழுத்தில கேட்டிருக்கு, இனி இடையில ஒண்டும் செய்யேலாதாம், செய்தால் எல்லாருக்கும் பிரச்சினையாம்" என்று சொல்லட்டும். பொய்யும் இல்லை. அந்தத் தம்பிக்கும் முகம் போகாது. அவர் உண்மையிலேயே அலைந்து திரிந்து பிரதி எடுத்தது, படிவம் வாங்கியது என்று ஏதாவது செய்திருந்தால், அந்தச் செலவைக் கணக்குக் கேட்டு, தங்கை முன்னிலையில் கொடுத்துவிடுங்கள். அது கூலி. கந்தோரில் யாருக்கும் கொடுப்பதற்கு என்று ஒரு சதமும் அதில் சேரக்கூடாது.

நீங்கள் போகும் முன் அனுமதி வராமல் போகலாம், அதற்கும் மனதைத் தயார்படுத்துங்கள். திணைக்களத்தின் அனுமதி ஒன்று குறைகிறதென்றால் அதற்கே மாதங்கள் எடுக்கும். டிக்கட்டை மாற்ற வேண்டாம். விண்ணப்பத்தைத் தொடர்வதற்குத் உங்களுக்குப் பதிலாகச் செயல்பட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் ஒன்றைத் தங்கையின் பேரில் எழுதி, அதைப் பதிவும் செய்துவிட்டுப் போங்கள். அதைத் தரகர் கொண்டுவரும் தட்டச்சுப் பிரதியில் எழுதாமல், நீங்களே தெரிவு செய்த நொத்தாரிசுவிடம் எழுதுங்கள், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இன்ன காணியில், இன்ன கட்டிட விண்ணப்பத்துக்காக, இன்ன நிறுவனங்களில் ஆவணம் கொடுக்கவும் பெறவும் என்று மட்டும் இருந்தால் போதும். விற்க, ஈடு வைக்க, குத்தகைக்குக் கொடுக்க என்று ஏதாவது சொல் அதில் இருந்தால் வெட்டச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் யாருக்கும் கையெழுத்து வைத்துக் கொடுக்காதீர்கள், தங்கைக்கும்கூட.